பாட்டில் மேல் பெரிய எழுத்து

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் கரும்பலகையை எடுத்துவிட்டு வெள்ளைப் பலகை மாட்டியிருக்கிறார்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டு ஒரே கூச்சம். எழுதுகிற வரி நடுவில் நெளிகிறது. மார்க்கரும் மட்டமான சரக்கு. முன்வரிசையில் ஒருத்தி, "டீச்சர், எழுதுன வரி மேலயே மறுபடி எழுதுறீங்க" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். கோவில்பட்டியில் பத்தொன்பது வருடமாக வேதியியல் நடத்துகிறேன். இப்படி ஒரு பலகையில் எழுதியதில்லை.

வரும் வழியில் தடித்த முனை வைத்த கறுப்புப் பேனா ஒன்று வாங்கினேன். இதை அதில்தான் எழுதுகிறேன். பழைய பேனா மங்கிவிட்டது.

நவம்பர் 6, புதன்

அடுக்களை பல்பை மாற்றச் சொன்னேன். இவர் மாற்றினார். இதுவும் மங்கல்தான். எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறவர் வீட்டில் நல்ல பல்பு ஒன்று இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

தலைமையாசிரியை ராஜகனி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். இனி ஒவ்வொரு ஆசிரியரும் வாரத்தில் ஒரு பாடவேளையை நூலகத்தை ஒட்டிய கணினி அறையில் நடத்த வேண்டும். பெரிய திரை, இருபது கணினிகள். எல்லாம் ரெஜினாவின் பொறுப்பு. நூலகத்துக்கு அவள் வந்து நான்கு வருடம்தான் ஆகிறது. அதற்குள் பழைய வினாத்தாள்களையெல்லாம் கணினியில் ஏற்றி, வீட்டில் போன் இல்லாத பிள்ளைகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து பாடம் பார்க்கும்படி செய்துவிட்டாள். நல்ல பெண். ஆனால் யாரையும் உற்றுப் பார்ப்பாள். பார்க்கிறாள் என்பது தெரிகிறது. என்ன முகத்தோடு பார்க்கிறாள் என்பதுதான் தெரிவதில்லை.

வேதியியல் ஆய்வகத்து பாட்டில்களுக்கும் கணினியில் பெயர் அடித்துப் புதிதாக ஒட்டியிருக்கிறாள். பெரிய எழுத்து. "தூரத்துல இருந்தே வாசிக்கலாம் டீச்சர்" என்றாள். நல்ல காரியம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தின விழா. கேசரி கொடுத்தார்கள். ஒரே ஒரு கரண்டி. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன். பத்து நாள் விட்டுப்போனது உண்மைதான், மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

மேடைக்குப் பக்கத்தில் ராஜகனி மேடம் நிற்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டேன். பூ வைத்து ஜோடித்த மைக் ஸ்டாண்டு. யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 20, புதன்

காளீஸ்வரி ஓய்வறை வாசலில் வந்து நின்றாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கூலி வேலை செய்கிறாள், அப்பா கிடையாது.

"டீச்சர், கடைசிப் பக்கம் திருத்தல."

"பென்சில்ல எழுதுனது மாதிரி எழுதுனா எப்படித் திருத்த? அடுத்த தடவை அழுத்தி எழுது. போ."

அவள் போகவில்லை. தாளை நீட்டியபடியே நின்றாள். நான் சத்தம் போட்டேன். பிறகுதான் போனாள். போகும்போது மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

இப்போதெல்லாம் எல்லாப் பிள்ளைகளின் கையெழுத்தும் மோசம்.

நவம்பர் 28, வியாழன்

கணினி அறையில் என் முதல் வகுப்பு. நான்கு நாளாகப் பாடத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். திரையில் எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம் என்று ரெஜினாவிடம் முன்பே கேட்டு வரிசையைத் தலையில் ஏற்றிக்கொண்டேன். அவளே கணினியை இயக்கட்டும், எனக்கு அந்த எலி பிடிபடாது என்றேன்.

பாதி வகுப்பு வரை சரியாகப் போனது. நான் பென்சீன் வளையத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் நடுவில் ஒரு சலசலப்பு. பிறகு அமைதி.  திரையில் வேறு ஏதோ படம் இருந்திருக்க வேண்டும். ரெஜினா இருமினாள், பொத்தானைத் தட்டினாள். "சாரி டீச்சர், நான் முன்னாடி போயிட்டேன்" என்றாள்.

அவள் முன்னாடி போகவில்லை. நான்தான் ஒரு படத்தை விட்டுவிட்டேன். அதை அவள் ஏன் தன் தலையில் போட்டுக்கொண்டாள்?

பிள்ளைகள் போன பிறகு என் போனை வாங்கி அதில் எதையோ ஏற்றினாள். "புத்தகத்துல அடுத்த மூணு பாடத்தையும் வாசிச்சுப் பதிவு பண்ணிருக்கேன் டீச்சர். பிள்ளைகளுக்காகத்தான். எனக்குக் கெமிஸ்ட்ரி வார்த்தை சரியா வராது. கேட்டுட்டு எங்க தப்புன்னு சொல்றீங்களா?"

சரி, அவளுக்கு ஓர் உதவி. வீட்டில் காதில் மாட்டிக்கொண்டு மூன்று பாடத்தையும் கேட்டேன். ஓர் உச்சரிப்பும் தப்பில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

 நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது பாடவேளை ஆய்வகம். உப்பைச் சோதிக்கும் பயிற்சி. நீர்த்த அமிலம் ஊற்ற வேண்டிய இடம். காளீஸ்வரியின் சோதனைக் குழாயில் அடர் கந்தக அமிலம் விழுந்துவிட்டது. பொங்கித் தெறித்துவிட்டது. அவள் அலறினாள். இடது கையிலும் தாடையிலும் பட்டிருக்கிறது. கண்ணில் படவில்லை. சாமி புண்ணியம், கண்ணில் படவில்லை. ஆய்வக உதவியாளர் இசக்கியம்மாள்தான் அவளைக் குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காளீஸ்வரி எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது.

ராஜகனி மேடம் வந்து, "என்ன ஆச்சு?" என்றார்.

பாட்டில் இடம் மாறி இருந்தது என்றேன். பெயர்ச்சீட்டு நனைந்து கலைந்து போயிருந்தது என்றேன்.

"பாட்டிலை யார் எடுத்து வச்சது?"

"இசக்கிதான் எப்பவும் எடுத்து வைப்பா."

அவ்வளவுதான் சொன்னேன். பொய்யென்று சொல்ல முடியாது. எப்போதும் அவள்தான் எடுத்து வைப்பாள்.

டிசம்பர் 4, புதன்

பள்ளிக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். இவர், "டாக்டர்கிட்ட போவமா?" என்றார். வேண்டாம் என்று கத்திவிட்டேன். எதற்கு அவ்வளவு சத்தம் என்று அவருக்குப் புரியவில்லை.

விளாத்திகுளத்து அக்காவுக்கும் சர்க்கரைதான். கண் ஆஸ்பத்திரிக்குத் தானே நடந்து போனவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தோம். போகாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பார்த்திருப்பாள் என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. அக்காவுக்கு முதலில் கோலப் புள்ளிதான் நெளிந்ததாம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

இசக்கியம்மாளை நேற்றிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். தற்காலிக வேலைதான். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகம். விசாரணை முடிந்த பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

ஆய்வகத்துக்குப் போய் அந்த பாட்டிலைத் தேடினேன். விரலால் தடவினேன். பெயர்ச்சீட்டு மழமழவென்று ஒட்டியபடி இருந்தது. ஓர் ஓரம்கூடப் பிய்ந்திருக்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

அரையாண்டுத் தேர்வு தொடங்கிவிட்டது. மேற்பார்வை மட்டும்தான் என் வேலை. அறைக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். யாராவது எழுந்து நின்றால் நாற்காலி உரசும் சத்தம் கேட்கும்.

மதியம் ரெஜினா வந்தாள். "காளீஸ்வரி பதினஞ்சு நாள் வர மாட்டா டீச்சர். பரீட்சையும் போச்சு. ஜனவரில தனியா வைக்கலாம்னு மேடம் சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் பாடம் போயிடக் கூடாதுல்ல? அவ அம்மாகிட்ட இப்ப ஒரு போன் இருக்கு. நீங்க பேசுங்க, நான் பதிவு பண்ணி அனுப்புறேன்."

"புத்தகம் இல்லாமயா?"

"புத்தகம் எதுக்கு உங்களுக்கு?"

நூலகத்தின் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். வேதிவினை வேகம், முழுப் பாடமும். ஒரு காகிதத்தையும் தொடவில்லை. பலகை இல்லை, வெளிச்சம் இல்லை, யார் சிரிக்கிறார்கள் என்ற பயம் இல்லை. முடித்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாக நடத்தினேன் என்று தோன்றியது. யாருக்கு நடத்துகிறேன் என்பது அடுத்த நொடியே நினைவு வந்தது. 

டிசம்பர் 10, செவ்வாய்

இன்னொரு பாடம் பதிவு செய்தோம்.

டிசம்பர் 11, புதன்

காளீஸ்வரியிடமிருந்து நூலக போனுக்குக் குரல் பதிவு ஒன்று வந்திருக்கிறது. ரெஜினா என்னை உட்கார வைத்துத்தான் போட்டாள். கேட்டதை அப்படியே எழுதுகிறேன். இனி மறக்கப்போவதில்லை.

"டீச்சர், ரெண்டு பாடமும் கேட்டேன். நல்லாப் புரிஞ்சுது. கை இப்ப பரவாயில்ல, கட்டு மட்டும் இருக்கு. டீச்சர், ஒண்ணு சொல்லணும். இசக்கியக்காவ வர வேண்டாம்னுட்டாங்கன்னு அம்மா சொல்லிச்சு. அக்கா அன்னைக்கு உள்ளயே இல்ல டீச்சர். வெளியில வாளில தண்ணி பிடிச்சிட்டு இருந்தாங்க. பாட்டில் நீங்கதான் எடுத்தீங்க. மூடியத் திறந்து மோந்து பாத்துட்டு ஊத்துனீங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. என் கைய நீங்க வேணும்னு செய்யலன்னு தெரியும். அக்காவுக்கு மட்டும் ஏதாவது செய்யுங்க டீச்சர்."

பதிவு முடிந்ததும் ரெஜினா போனை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

ரெஜினா மெதுவாக, "எவ்வளவு நாளா டீச்சர்?" என்றாள்.

"என்ன எவ்வளவு நாளா?"

"உங்களுக்கு எழுத்து தெரியல."

"பலகை சரியில்ல. அறையில வெளிச்சம் இல்ல. என்னைக் குருடிங்கிறியா?"

"நான் அந்த வார்த்தையச் சொல்லலையே டீச்சர்."

"என் வேலைக்கு உலை வைக்கிற. அதுக்குத்தான் கேக்குற."

அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. "நவம்பர்ல நீங்க ஒரு புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தீங்க. அன்னைக்கே தெரியும். கேட்டா பயந்துருவீங்கன்னு கேக்கல. பெரிய எழுத்தா அடிச்சு ஒட்டுனா போதும்னு நினைச்சேன். நான் அன்னைக்கே கேட்டிருந்தா அந்தப் பிள்ள கை தப்பிச்சிருக்கும். எம்மேலயும் தப்பு இருக்கு."

அவள் குரல் உடைந்தது. எனக்கு அவள் முகம் ஒரு சாம்பல் வட்டம். சுற்றிலும் தலைமுடி தெரிகிறது, காதில் கம்மல் தெரிகிறது. நடுவில் ஒன்றுமே இல்லை.

எட்டு மாதமாக. ஏப்ரலிலிருந்து. வலது கண் முதலில்.

எழுதிவிட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

சொல்லப் போனேன். ராஜகனி மேடம் அறைக்கு வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பியூன், "மேடம் ஃப்ரீயாத்தான் இருக்காங்க டீச்சர்" என்றான். பிறகு வருகிறேன் என்று திரும்பிவிட்டேன். மாடிப்படி பதினான்கு. எண்ணிக்கொண்டே இறங்கினேன்.

பென்ஷனுக்கு இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது. வேலை போய்விட்டால் நான் யார்? வீட்டில் சும்மா உட்கார்ந்து, அக்கா மாதிரி, யார் உள்ளே வருகிறார்கள் என்று காலடியைக் கேட்டுக்கொண்டு.

டிசம்பர் 16, திங்கள்

சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும். பாட்டிலை நான்தான் எடுத்தேன் என்று. மோந்து பார்த்து ஊற்றினேன் என்று. எழுத்து தெரியவில்லை என்று. இசக்கி மேல் பழியைப் போட்டேன் என்று.  தண்ணீர் கேட்டேன். டம்ளரை எங்கே வைத்தார் என்று தெரியாமல் கை மேசையில் அலைந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ராஜகனி மேடம் நம்பினார் என்று நினைக்கிறேன்.

 பிறகு, "அந்தப் பொம்பளையோட புருஷன் படுத்த படுக்கையா இருக்கார், தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

தெரியாது. பன்னிரண்டு வருடம் ஒரே ஆய்வகத்தில் இருந்திருக்கிறோம், தெரியாது.

"எழுதிக் கொடுங்க" என்றார்.

ரெஜினாதான் கணினியில் அடித்தாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற வசதி ஒன்று அதில் இருக்கிறது. ஒரு பெண் குரல், ஏற்ற இறக்கம் இல்லாத குரல். நான் சொன்னதையெல்லாம் அது திரும்பச் சொன்னது. ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். "தவறுதலாக வேறொருவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டேன்" என்று இருந்தது.

"நான் அப்படிச் சொல்லல."

"கொஞ்சம் மென்மையா இருக்கட்டும்னுதான் டீச்சர்."

"பயந்து பொய் சொன்னேன்னு போடு."

அடித்தாள். குரல் அதையும் வாசித்தது. கையெழுத்து எங்கே போடுவதென்று ரெஜினா என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள்.

டிசம்பர் 17, செவ்வாய்

காளீஸ்வரியின் பழைய விடைத்தாளை வாங்கி வரச் சொன்னேன். ரெஜினா வாசிக்க, கடைசிப் பக்கத்தைத் திருத்தினேன். பதினொரு மதிப்பெண். அழகான கையெழுத்து என்று ரெஜினா சொன்னாள்.

இவரிடம் இன்றைக்குத்தான் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"மூணு மாசமா நான் பல்பு மாத்திட்டு இருந்தேன், வடிவு."

 கொஞ்ச நேரம் கழித்து யாருக்கோ போன் செய்து, சனிக்கிழமை மதுரைக்குக் கார் வேண்டும் என்று சொல்வது கேட்டது.

டிசம்பர் 21, சனி

மதுரை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, ஊசியில் மஞ்சள் மருந்து ஏற்றி, படம் எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பெண், என் பழைய மாணவி வயதுதான் இருக்கும்.

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கலாம்மா."

வலது கண்ணில் போனது போனதுதான். இடது கண்ணில் நீர் கோத்திருக்கிறது, மாதம் ஓர் ஊசி வீதம் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். கொஞ்சம் திரும்பினாலும் திரும்பலாம். உறுதி சொல்ல முடியாது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வராவிட்டால் எந்த ஊசியாலும் பிரயோஜனமில்லை.

ஊசி கண்ணுக்குள்ளேயே போடுவது. மரத்துப்போக மருந்து விட்டார்கள். வலி இல்லை. ஆனால் வருவது தெரிகிறது. அக்காவை நினைத்துக்கொண்டேன். அக்காவுக்குக் கண் போனது ஆஸ்பத்திரியால் இல்லை, ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனதால். அந்த மேசையில் படுத்திருந்தபோதுதான் இது எனக்கு விளங்கியது.

டிசம்பர் 22, ஞாயிறு

கண்ணில் கட்டு. இவர் எழுதுகிறார், நான் சொல்கிறேன். ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

ஜனவரி 2, வியாழன்

பள்ளி திறந்தது. எனக்கு விளக்கம் கேட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அடுத்த மாதம் கமிட்டி கூடும். அதுவரை ஆய்வகத்துக்குள் நான் போகக் கூடாது. செய்முறையை வேறொருவர் பார்த்துக்கொள்வார். பாடம் மட்டும் கணினி அறையில் நடத்தலாம், ரெஜினா கூட இருக்க வேண்டும். வேலை நிலைக்குமா என்பது ராஜகனி மேடத்துக்கே தெரியாது. "உங்களுக்காகப் பேசுவேன், ஆனா பொய் பேச மாட்டேன்" என்றார்.

வகுப்பில் நின்று சொன்னேன். கண் தெரியவில்லை, கையைத் தூக்கினால் எனக்குத் தெரியாது, வாயைத் திறந்து கேளுங்கள் என்று. காளீஸ்வரி வந்திருந்தாள். பக்கத்தில் போய், உன் கை என்னால்தான் வெந்தது என்றேன். "சரி டீச்சர்" என்றாள். கையைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள் என்று ரெஜினா பிறகு சொன்னாள். பெரிய வடு. தாடையில் உள்ளது மறைந்துவிடுமாம்.

அவள் அம்மாவையும் போய்ப் பார்த்தேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

ஜனவரி 20, திங்கள்

சனிக்கிழமை இரண்டாவது ஊசி போட்டார்கள். இன்றைக்கு இதை நான் எழுதவில்லை, பேசுகிறேன். ரெஜினா நூலகக் கணினியில் ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறாள். பேசினால் அது எழுதிக்கொள்கிறது. பிறகு வாசித்துக் காட்டுகிறது. நாலு வார்த்தைக்கு ஒன்று தப்பு. கந்தகம் என்றால் சந்தனம் என்று எழுதுகிறது. மாணவிகளுக்கான பதிவுகள் பதினெட்டு ஆகிவிட்டன. பக்கத்துப் பள்ளியிலிருந்தும் கேட்கிறார்களாம்.

இப்போது நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

இசக்கியம்மாள் இந்த மாதம் ஒன்பதாம் தேதியிலிருந்து மறுபடி வருகிறாள். இன்றுவரை என்னோடு பேசவில்லை. சற்று முன் வந்தாள். காலடியை வைத்துத்தான் யாரென்று தெரிந்தது. மேசைக்கு எதிரில் நின்றாள்.

"டீச்சர்."

"வா இசக்கி. உக்காரு."

உட்காரவில்லை. "அன்னைக்குப் பெரிய மேடத்துக்கிட்ட எம்பேரச் சொன்னீகள்ல. அப்ப நான் அங்கனதான் நின்னேன். ஈரச் சேலையோட. என் மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னீகளா?"

"எனக்கு உன் மூஞ்சி தெரியல, இசக்கி. யார் மூஞ்சியும் தெரியல."

அவள் ஓர் எட்டு முன்னால் வந்தாள். 

"தெரிஞ்சிருந்தா சொல்லிருக்க மாட்டீகளா?"

நான் பதில் சொல்லவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு, "சரி, இருக்கட்டும்" என்று போய்விட்டாள். சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அவளிடம் சொல்லாததை இந்த இயந்திரத்திடம் சொல்கிறேன். தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். அன்றைக்கு எனக்கு இருந்த பயத்தில் யார் முகத்தைப் பார்த்தாலும் சொல்லியிருப்பேன்.

வாசித்துக் காட்டச் சொன்னேன். அந்த ஏற்ற இறக்கம் இல்லாத குரல் இதை ஒரு பிழையும் இல்லாமல் வாசித்தது. அழிப்பதற்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று ரெஜினா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இசக்கி இந்நேரம் ஆய்வகத்தில் இருப்பாள். வாசல் வரை நான் போகலாம், உள்ளேதான் போகக் கூடாது. இங்கிருந்து முப்பத்தாறு எட்டு வைத்தால் போதும். வாசலில் நின்று கூப்பிட்டால் அவளுக்குக் கேட்கும். பயமாகத்தான் இருக்கிறது. போகிறேன்.